எந்தக் கை, மேடம்?

“ரைட் ஹேண்டா, லெப்ட் ஹேண்டா மேடம்?” என்று அந்தோணி கேட்டு வாய் மூடவில்லை, பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தெய்வசிகாமணி “ரைட்டு, ரைட்டு” என்று சொல்லிவிட்டார், அந்தோணியும் அட்டையில் செருகிய காகிதத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டுவிட்டார், பதில் சொல்லத் திறந்த வாயோடு மனோரஞ்சிதம் நின்றாள். திறந்த வாயைச் சும்மா மூடினால் நன்றாயிருக்காதென்று கொட்டாவி விடுகிற மாதிரி ஒன்று பண்ணி வைத்தாள். சனிக்கிழமை, காலை ஏழரை மணி. கோயம்புத்தூருக்கு வெளியே பாலக்காட்டுக் காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற இடத்தில் இந்த கோல்ஃப் பழகும் மைதானம். வரிசையாகப் பன்னிரண்டு தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பாய், ஒரு கூடைப் பந்து, எதிரே ஐம்பது நூறு நூற்றைம்பது என்று கெஜக்கணக்கு எழுதின பலகைகள், பலகைகளுக்கு நடுவே பந்தாவது கிந்தாவது என்று மேய்ந்துகொண்டிருக்கும் மயில்கள். இன்றைக்கு டெமோ நாள். பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர் அந்தோணி வேன் நிறைய மட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்து அடித்துப் பார்க்கலாம், பிடித்தால் அளவு கொடுத்துவிட்டுப் போகலாம், ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற மாதிரிதான், ஆள் உயரம், கை நீளம், விரல் கனம் எல்லாம் டேப்பு வைத்து எடுத்துக்கொண்டு போய் அவரவருக்கென்றே செய்து அனுப்புவார்கள். ஏழு வருஷமாக யாரோ விட்டுப்போன பழைய செட்டில் ஆடுகிறவளுக்கு வீட்டுக்காரர் வாங்கித் தரும் முதல் புது செட். இதற்குமேல் இன்னொன்று வாங்கப்போவதில்லை, கடைசி வரைக்கும் இதுதான். அந்தக் கடைசி வரைக்குமான காகிதத்தில்தான் அவளைக் கேட்காமல் ரைட்டு என்று விழுந்திருக்கிறது. அவளோ பிறந்ததிலிருந்து இடதுகைக்காரி. அது அவருக்குத் தெரியாது, கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாகத் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டது யார், அவளேதான், ஆகவே அவர்மேல் கோபப்பட ஒரு நியாயமும் இல்லை என்று தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொண்டு நன்றாகவே கோபப்பட்டாள். ஐம்பத்தைந்து வயசுக்கு இப்போதுதான் ஒரு ஆள் கேட்டிருக்கிறார், உனக்கு எந்தக் கை என்று. துணிக்கடையில் முழுக்கையா அரைக்கையா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார், இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் எழுதிக்கொண்டிருப்பார், முகம் சுளித்திருக்க மாட்டார். இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறதென்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்றே. பெருந்துறை வீட்டில் அம்மா கேட்டதில்லை, பொட்டென்று புறங்கையில் ஒன்று வைப்பாள், “அம்மிணி, அது பீச்சாங்கை, சோத்தாங்கையில எடு” என்பாள், பாடம் அவ்வளவுதான். சோறு தின்ன ஒரு கை, கழுவ ஒரு கை, சாமியே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்ட மாதிரி. சாப்பிட உட்காரும்போது இடதுகையை முதுகுப் பக்கம் வளைத்துப் பாவாடை நாடாவில் செருகி வைக்க வேண்டும், வட்டிலில் சோறு தீரும் வரைக்கும் எடுக்கக்கூடாது, அந்தக் கை அங்கேயே கிடந்து மரத்துப்போகும். பள்ளிக்கூடத்தில் லூர்து டீச்சர் மகா நல்லவர், ஒரு பிள்ளையை அதட்டிப் பேசி யாரும் பார்த்ததில்லை, அவரும் பலப்பத்தை இந்தக் கையிலிருந்து பிடுங்கி அந்தக் கையில்தான் வைத்தார். வலதில் எழுதி எழுதிக் கோழி கிளறின எழுத்தாகவே நின்றுவிட்டது, இன்றைக்கும் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்புகிறார்கள். அப்புறம் அந்தக் கோபிச்செட்டிபாளையத்து மாப்பிள்ளை வீட்டார். காபியெல்லாம் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துச் சரியாகத்தான் கொடுத்தாள், கும்பிட்டாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கப்போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை “ஒரு வாய் தண்ணி குடு சாமி” என்று கேட்டார்கள். கண்டம் தாண்டிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இவள் சொம்பை எடுத்து நீட்டினாள், நீட்டின பிறகுதான் பார்த்தாள், நீட்டியிருப்பது இடதுகை. அந்த அம்மாள் வாங்கவில்லை. சொம்பைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், அப்புறம் இவள் அம்மாவைப் பார்த்து, பஸ்சுக்கு நேரமாச்சு என்றார்கள். பஜ்ஜி தொடாமல் கிடந்தது, சாயங்காலம் அதை இவளும் தம்பியும் தின்று தீர்த்தார்கள்.

“மேடம், இதுல ஒரு அஞ்சாறு பந்து போட்டுப் பாருங்க” என்று அந்தோணி ஒரு மட்டையைக் கொடுத்தார். பிடி ரோஸ் நிறம். பொம்பளை என்றால் ரோஸ், யார் கண்டுபிடித்ததோ. பாயில் ஏறி, காலை அகட்டி, ஏழு வருஷப் பழக்கத்தில் அடித்தாள், எப்போதும் விழுகிற எண்பது கெஜத்தில், எப்போதும்போல வலப்பக்கம் சாய்ந்து போய் விழுந்தது. வேறு மட்டை கொடுத்தார், தண்டு கொஞ்சம் விறைப்பானது, அதுவும் அங்கேதான். இன்னொன்று இறகாட்டம் லேசாக இருந்தது, அதுவும் அதே மயிலுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது, மயில் நகரக்கூட இல்லை. மட்டையின் முகத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அந்தோணி திருப்பிக் காட்டினார், பந்து பட்ட தடங்களெல்லாம் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. “டைமிங்தான் மேடம். இடதுகையை இன்னும் நம்புங்க. ரைட்டுல ஆடறவங்களுக்கு இடதுகைதான் வழி காட்டும், வலது சும்மா கூட வரும்” என்றார். இதைத்தான் ஏழு வருஷமாக எல்லாக் கோச்சும் சொல்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள், போகட்டும், இந்த ஆட்டத்திலாவது அந்தக் கைக்கு ஒரு வேலை இருக்கிறதே என்று. என்ன வேலை, வெள்ளையாக ஒரு தோலுறையை மாட்டிக்கொண்டு ஏவின வேலை. வலதுகை ஆட்டக்காரர்கள் உறையை இடதுகையில்தான் மாட்ட வேண்டும், மாட்டும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கட்டு ஞாபகம் வரும். தெய்வசிகாமணி வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா போட்ட கட்டு. கோபிக்காரர்கள் போனதற்கப்புறம் அம்மா பெற்ற மகளின் கையை நம்பத் தயாராயில்லை, வேட்டித் துணியைக் கிழித்து, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவி, இடதுகையை விரல் வெளியே தெரியாமல் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். ஆட்டுக்கல்லில் குழவி நசுக்கிவிட்டது என்று வந்தவர்களிடம் சொல்லியாயிற்று. மாமியாராக வரப்போகிறவர் “அட பாவமே, நல்லா வேலை செய்யற புள்ளையாட்ட இருக்குது” என்று சந்தோஷமாகப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் கையைப் பிடித்துக் கொடுத்துக் கல்யாணம் பண்ணுவார்கள், அவளுக்குக் கையைக் கட்டிப்போட்டுக் கல்யாணம் பண்ணினார்கள்.

அதற்கப்புறம் யாரும் கட்டிப்போட வேண்டியிருக்கவில்லை, அவளே போட்டுக்கொண்டாள். சமையலறையில் தனியாக இருக்கும்போது கத்தி இடதுகையில் இருக்கும், தேங்காய்த் துருவல், கரண்டி, சப்பாத்திக் கட்டை எல்லாம் இடதுகையில் இருக்கும், வேலை பறக்கும். ஆள் வருகிற அரவம் கேட்டதும் எல்லாம் வலதுகைக்கு வந்துவிடும், வேலை நொண்டும். மாமியார் அதைப் பார்த்து “நல்லாத்தான் செய்யறே, கொஞ்சம் நிதானம்” என்று ஊரெல்லாம் நல்ல பேர் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கை மாற்றுகிற வேகத்தை அந்தோணியிடம் இருக்கிற, மட்டை வீசும் வேகம் காட்டுகிற மெஷினை வைத்து அளந்திருக்க வேண்டும், அதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஒரு தடவை மாற்றும்போது கத்தி வலது பெருவிரலில் இறங்கி நாலு தையல் போடவேண்டியதாயிற்று, அப்போதும் என்ன தோன்றியது என்கிறீர்கள், நல்லவேளை இரண்டு மூன்று வாரத்துக்கு இடதுகையில் எல்லாம் செய்யலாம், காரணம் இருக்கிறது என்று தோன்றியது. அந்த மூன்று வாரமும் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தாள். மாமியார் போய்ப் பதினொரு வருஷமாயிற்று, வீட்டில் இருப்பது இரண்டே பேர், இன்னமும் யாருக்குப் பயந்து மாற்றுகிறாள் என்று கேட்டால் இவருக்குத்தான். இவர் அடிக்கிற ஆளா, திட்டுகிற ஆளா, உப்பு ஜாஸ்தியானால்கூடத் தயிரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு எழுந்து போகிற ஆள். ஆனால் ஒரு நாள் அந்த அத்தை சொம்பைப் பார்த்த மாதிரி இவர் பார்த்துவிட்டால் என்ன பண்ணுவது, அப்படியானால் அந்தக் கட்டு பொய்யா என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது. அந்த ஒரு பார்வைக்குப் பயந்து முப்பத்தொரு வருஷம். சீச்சீ, எழவு, நினைத்தால் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

எரிச்சல் அதோடு நின்றால் பரவாயில்லை, அது குமணனிடம் போய் நிற்கும், எப்போதுமே அங்கேதான் போய் நிற்கும். மகன் குமணனுக்கு இரண்டு வயசு, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சாக்பீஸால் எதையோ கிறுக்குகிறான், அவள் குனிந்து பார்க்கிறாள், சாக்பீஸ் இடதுகையில் இருக்கிறது. ஒரு நிமிஷம் வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது, என் பிள்ளை, எனக்கு ஒரு துணை. அடுத்த நிமிஷமே மாமியார் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துவிட்டு அந்தக் கையிலிருந்து பிடுங்கி இந்தக் கையில் திணித்தாள். அவன் திரும்ப மாற்றினான். அவள் திரும்பப் பிடுங்கினாள். பொட்டென்று புறங்கையில் ஒன்று வைத்தது அவளுடைய கைதான், சத்தம் மட்டும் அம்மா வீட்டுச் சத்தம். பிள்ளை ஆறே மாசத்தில் வலதுகைக்காரனாகிவிட்டான், கெட்டிக்காரன். அந்த வருஷம் அவனுக்குப் பேச்சு திக்கிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையம்மா என்று டாக்டர் சொன்னார், ஒரு வருஷத்தில் சரியாகவும் போயிற்று, இன்றைக்கு ஃபேக்டரியில் நூறு பேரை மேய்க்கிறான். டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், அவள் நம்பவில்லை. அவனிடம் இதுவரை சொன்னதுமில்லை, எப்படிச் சொல்வது, கண்ணு, உன் கையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்றா.

“நான் தூரம் அடிக்கற டிரைவர் மட்டை ஒண்ணு பாத்து எடுத்துட்டு வரேன் ரஞ்சிதம், நீ இதுக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணி வை” என்று சொல்லிவிட்டுத் தெய்வசிகாமணி வேன் பக்கம் போனார், அந்தோணியும் கூடப் போனார். முடிவு பண்ண என்ன இருக்கிறது, எல்லாமே எண்பது கெஜம். மூன்று மட்டையையும் திரும்ப ஸ்டாண்டில் வைக்கப் போனபோதுதான் கடைசியில் தனியாகச் செருகியிருந்த ஒன்று கண்ணில் பட்டது. ஏழாம் நம்பர் இரும்பு மட்டை, கறுப்புப் பிடி. இதென்ன, கோணலாக நிற்கிறதே என்று நேராக வைக்கப் போனாள், கோணலில்லை, அதன் முகம் அந்தப் பக்கம் பார்த்திருந்தது. மற்ற மட்டையெல்லாம் ஒரு பக்கம் பார்க்க இது ஒன்று மட்டும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. இடதுகை மட்டை, வேன் முழுவதுக்கும் ஒன்றே ஒன்று. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், பார்த்துவிட்டு, எதற்கு இப்படித் திருடி மாதிரி பார்க்கிறேன், எடுத்து அடித்துப் பார்க்கத்தானே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தன்னையே அதட்டினாள். எடுக்கலாமா, எடுத்தால் என்ன ஆகும், இந்த வயசில் திரும்ப ஆனா ஆவன்னாவிலிருந்தா, ஏழு வருஷம் சிரமப்பட்டு வந்த எண்பது கெஜமும் போய்விடும், பார்க்கிறவர்கள் என்னம்மா இது விளையாட்டு என்பார்கள். என்பார்கள், சரி. எண்பது கெஜத்தை வைத்துக்கொண்டு என்ன கோட்டையா கட்டினேன். அந்தக் காகிதம் வேனுக்குள் ஏறிப் பெங்களூர் போய்விட்டால் முடிந்தது, சாகிறவரைக்கும் ரைட்டுதான், செத்தாலும் கையை மடித்து வைக்கும்போது வலதைத்தான் மேலே வைப்பார்கள். இடதுகை உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிக் கூடையில் போட்டாள், மட்டையை எடுத்தாள்.

எடுத்துக்கொண்டு பாயில் ஏறின பிறகுதான் இன்னொன்று புரிந்தது. வலதுகை ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையாட்டம். இடதுகைக்காரி அந்த வரிசைக்கு எதிராகத் திரும்பி நிற்க வேண்டும். அவளுக்கு முதுகுப்புறத் தடுப்பு தெய்வசிகாமணியுடையது, அவர் வந்து நின்றாரென்றால் மூஞ்சிக்கு மூஞ்சி. ஒளிந்துகொண்டு இடதுகையில் ஆட இந்த ஆட்டத்தில் வழியே இல்லை. திரும்பினாள். காற்றுகூட வேறு கன்னத்தில் பட்டது. இடதுகை கீழே வந்து பிடியைப் பிடித்தது, யாரும் சொல்லித் தரவில்லை, ஆளில்லாத சமையலறையில் கரண்டி எடுக்கிறமாதிரி தானாகப் போய்ப் பிடித்தது. ஓங்கினாள், வீசினாள், உஸ் என்று சத்தம் வந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. காற்றைத்தான் அடித்திருக்கிறாள். சரி, காற்றாவது பட்டதே. இரண்டாவது, மட்டையின் கழுத்தில் பட்டுத் தடுப்புப் பலகையில் மோதி அவள் கணுக்காலுக்கே திரும்பி வந்தது, பன்னிரண்டு தடுப்புக்கும் கேட்கிற சத்தம், யாரோ ஒரு அம்மாள் “பாத்துங்க” என்றார்கள். காது சுட்டது. ஆனால் தோள் இருக்கிறதே, அந்தத் தோளில் ஒன்று நடந்தது, எத்தனையோ வருஷம் பூட்டிக் கிடந்த அறைக்கதவைத் தள்ளினால் முதலில் ஒரு விரலளவு நகருமே, அப்படி நகர்ந்தது. அது போதும் அவளுக்கு. மூன்றாவது பந்தைக் காலால் இழுத்து வைத்தாள்.

வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே தெய்வசிகாமணி, கையில் புது டிரைவர். பக்கத்தில் அந்தோணி. அவளுடைய இரண்டு கையும் அந்தக் கணமே இடம் மாறத் துடித்தன, முப்பத்தொரு வருஷப் பழக்கம், மணிக்கட்டு பாதி திரும்பியும் விட்டது. திரும்பினது நின்றது. நிறுத்தினாள். மாற்ற மாட்டேன், பார்க்கிறதானால் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த அத்தை மாதிரி பார்க்கிறதானாலும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பஸ்சுக்கு நேரமாச்சு என்கிறதானாலும் சொல்லுங்கள், இந்தச் சொம்பை நான் இறக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக ஓங்கி அடித்தாள். டொக் என்று நடுமட்டையில் பட்டது, கைக்குத் தெரிந்தது, ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. பந்து ஒன்றும் வானத்தைப் பிளந்துகொண்டு போகவில்லை, ஐம்பது கெஜப் பலகையைத் தாண்டிப் போய் விழுந்தது, அவ்வளவுதான், ஆனால் எங்கும் சாயாமல் போய் விழுந்தது.

“அந்தோணி, அந்தக் காகிதத்துல ரைட்டை அடிச்சுட்டு லெப்டுன்னு போடுங்க” என்றாள்.

அந்தோணி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “போட்டுடலாம் மேடம். ஆனா லெப்ட் செட் வர்றதுக்கு எப்படியும் மூணு மாசம் ஆகும்.”

“அம்பத்தஞ்சு வருஷம் ஆயிருச்சு, மூணு மாசம் ஆனா ஆகட்டும்” என்றாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, அவசர அவசரமாகச் சொன்னாள். “நான் இடதுகைக்காரிங்க. பொறந்ததுல இருந்தே. அன்னிக்கு நீங்க பாக்க வந்தப்ப கட்டியிருந்த கட்டு பொய்யி. கொழவியும் நசுக்கல, ஒண்ணும் நசுக்கல.”

தெய்வசிகாமணி டிரைவரைத் தடுப்பின்மேல் சாய்த்து வைத்தார். “தெரியும் ரஞ்சிதம்” என்றார்.

“என்ன தெரியும்?”

“கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகல. வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில உக்காந்து தேங்கா துருவிட்டு இருந்தே, இடதுகையில, அவ்வளவு வேகமா. நான் கெணத்துக்கிட்ட நின்னுட்டு இருந்தேன், நீ பாக்கல. நான் கிட்ட வந்த செருப்புச் சத்தம் கேட்டதும் டக்குனு கையை மாத்துன. செரி, புள்ள எதுக்கோ பயப்படுது, கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன். இப்பவும் இவரு கேட்டதும் நீ திணறக்கூடாதேன்னுதான் முந்திட்டு ரைட்டுன்னேன். பின்ன எதுக்கு நான் எப்ப சமையக்கட்டுக்கு வந்தாலும் வாசல்லயே நின்னு தொண்டையைச் செருமிட்டு வரேன்? நீ மாத்திக்கத்தான்.”

முப்பத்தொரு வருஷமாக அந்தச் செருமலுக்கு அவள் மிளகுப்பால் காய்ச்சியிருக்கிறாள், தூதுவளை ரசம் வைத்திருக்கிறாள், ஐஸ்தண்ணீர் குடிக்காதீங்க என்று சண்டை போட்டிருக்கிறாள், தொண்டை டாக்டரிடம் இரண்டு தடவை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றபோது இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. இவ்வளவு நல்லவரா என்று நெஞ்சு இளகியது, இளகின நெஞ்சு அப்படியே கொதித்தது. வாசல்வரை வந்திருக்கிறார், ஒவ்வொரு நாளும் வாசல்வரை வந்து, அவள் கட்டைக் கட்டிக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம் உள்ளே வந்திருக்கிறார். அவள் கண் கலங்கத்தான் செய்தது, துடைக்கவில்லை.

“ஒரு நாளாவது செருமாம வந்திருக்கலாமில்லீங்க” என்றாள்.

நின்று பதில் கேட்க அவளுக்கு நேரமில்லை, கூடையில் இன்னும் முப்பது பந்து கிடந்தது.